பயர்பாக்ஸ் உலாவியில் பின்தொடர்வோரைத் தடுப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அந்தத் தளம் மட்டுமே நம் கணினியோடு தொடர்புகொள்வதில்லை. பக்கத்தில் பதிக்கப்பட்டிருக்கும் விளம்பரங்கள், பகிர்வுப் பொத்தான்கள், வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் நிரல்கள் ஆகியவற்றின் வழியாக, நாம் பெயர்கூட அறியாத பல நிறுவனங்களின் வழங்கிக் கணினிகளுக்கும் அதே நொடியில் கோரிக்கைகள் செல்கின்றன. இவற்றுள் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும். அதற்கு நிரலாக்க அறிவும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. கணினியில் இயங்கும் பயர்பாக்ஸ் உலாவியை வைத்து இங்கே விளக்குகிறேன். தேவையான அமைப்புகள் அதில் உள்ளேயே இருக்கின்றன என்பதும், பின்னர் சொல்லப்போகும் நீட்சி (உலாவியோடு கூடுதலாக இணைக்கும் சிறு மென்பொருள்) அதில் முழு வலிமையோடு இயங்குகிறது என்பதும் இந்தத் தேர்வுக்குக் காரணங்கள்.

தொடங்கும் முன், தனிச்சாளரம் நம்மை முழுவதுமாக மறைத்துவிடும் என்ற தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தனிச்சாளரம் திறக்கும். அதை மூடியதும் அதில் பார்த்த பக்கங்களின் வரலாறும் குக்கிகளும் (தளங்கள் நம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தரவுத் துண்டுகள்) உங்கள் கணினியிலிருந்து நீங்கிவிடும். அதன் முதன்மையான பணி அவ்வளவுதான். உங்கள் இணைய இணைப்பை வழங்கும் நிறுவனமும், அலுவலக வலையமைப்பை நிர்வகிப்பவரும் நீங்கள் எந்தத் தளங்களுக்குச் செல்கிறீர்கள் என்பதை அப்போதும் அறிய முடியும். நீங்கள் பார்க்கும் தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண், தெரியும். பிறரோடு பகிர்ந்துகொள்ளும் கணினியில் தனிச்சாளரம் மிகவும் பயன்படும். ஆனால் அன்றாட உலாவலில் நம்மைக் காப்பவை எல்லாச் சாளரங்களிலும் நிலையாக இயங்கும் அமைப்புகளே.

முதல் படி: குக்கிகளைக் கட்டுக்குள் கொண்டுவருதல்

தொடக்ககால உலாவி ஒன்றை உருவாக்கிய நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி 1994ஆம் ஆண்டில் குக்கியை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குச் செல்லும் அதே பயனரைத் தளம் அடையாளம் காண்பதற்கும், இணையக் கடையின் கூடையில் போட்ட பொருள்களை நினைவில் வைத்திருப்பதற்கும் இன்றும் அதுவே துணைசெய்கிறது. ஆகவே குக்கி என்றாலே தீங்கு என்று எண்ணி எல்லாவற்றையும் தடுத்தால் பல தளங்களில் உள்நுழையவே முடியாமல் போகும். சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கிகளில்தான், அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் அதில் பதிக்கப்பட்ட பிற நிறுவனங்கள் வைக்கும் குக்கிகளில்தான் இருக்கிறது. ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் செய்தித்தளத்திலும், மருத்துவக் குறிப்புத் தளத்திலும், இணையக் கடையிலும் பதிக்கப்பட்டிருக்குமானால், மூன்று இடங்களிலும் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரே அடையாள எண்ணின்கீழ் அந்த நிறுவனத்தால் தொகுத்துவிட முடிகிறது.

இதைத் தடுக்க, வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைச் சொடுக்கி 'செட்டிங்ஸ்' பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற பகுதியில் 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்ஷன்' என்ற தலைப்பைக் காண்பீர்கள். பதிப்புக்குப் பதிப்பு இவற்றின் இடம் மாறக்கூடும் என்பதால், கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டச்சிடுங்கள். 'ஸ்டாண்டர்டு' என்ற நிலை முன்னரே தேர்வாகியிருக்கும். ஒரு தளத்தில் உருவாகும் குக்கியை அந்தத் தளத்துக்குரிய தனிக் கொள்கலத்திலேயே அடைத்துவைக்கும் முறையை, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கணினிப் பயனர்கள் அனைவருக்கும் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா இயல்புநிலையாக்கியது. எனவே இந்த நிலையிலேயே நல்ல காப்பு கிடைக்கிறது. இருப்பினும் 'ஸ்டிரிக்ட்' நிலையைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். பின்தொடரும் நிரல்களை அது எல்லாச் சாளரங்களிலும் தடுக்கிறது.

குரோம் பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் குக்கிகளைப் படிப்படியாக நீக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024ஆம் ஆண்டு ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகையால் குரோமின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்' என்ற பகுதிக்குச் சென்று நீங்களே தடையை இயக்க வேண்டும்.

இரண்டாம் படி: தடுப்பு நீட்சி

பயர்பாக்ஸின் நீட்சிகள் பக்கத்தில் யூபிளாக் ஆரிஜின் என்று தேடி, அதை உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருப்பதை உறுதிசெய்த பிறகே நிறுவுங்கள். 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாமல் ஏறத்தாழ அதே பெயரில் வேறொரு மென்பொருளும் உண்டு, இப்போது இரண்டுக்கும் தொடர்பில்லை. யூபிளாக் ஆரிஜின் கட்டணமற்றது, திறந்த மூலநிரலைக் கொண்டது. விளம்பரங்களுக்கும் பின்தொடர் நிரல்களுக்கும் உரிய தடுப்புப் பட்டியல்கள் நிறுவியவுடனேயே இயங்கத் தொடங்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை.

இந்த ஒரு நீட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஒரு நீட்சியை நிறுவும்போது, நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையை அதற்குப் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறோம். நம்பகமான ஒருவர் எழுதிய நீட்சி பின்னாளில் வேறொருவருக்கு விற்கப்பட்டு, அடுத்த புதுப்பிப்பிலேயே அதன் நடத்தை மாறிவிடக்கூடும். ஆகவே பயன்படுத்தாத நீட்சிகளை முடக்கிவைப்பதைவிட நீக்கிவிடுவதே நல்லது.

மூன்றாம் படி: அனுமதிகளும் தேடுபொறியும்

செட்டிங்ஸ் பக்கத்தின் 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் இருப்பிடம், படக்கருவி, ஒலிவாங்கி, அறிவிப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசைகள் உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள பொத்தானைச் சொடுக்கினால், நீங்கள் எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோன தளங்களின் பட்டியல் தெரியும், தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள். அறிவிப்புகளுக்குரிய பெட்டியில் புதிய கோரிக்கைகளை முழுவதுமாகத் தடுக்கும் தேர்வும் உண்டு. அதைக் குறியிட்டுவைத்தால் தளத்துக்குத் தளம் எழும் அந்தத் தொல்லை ஒழியும்.

'செர்ச்' பகுதியில் இயல்புத் தேடுபொறியை, தேடுவோரைப் பின்தொடர்வதில்லை என்று சொல்லும் டக்டக்கோவுக்கு மாற்றலாம். தேடல் பரிந்துரைகளை நிறுத்துவதும் நல்லது. இல்லையேல் நீங்கள் தேடலை முடிவுசெய்யும் முன்னரே, தட்டச்சிடும் எழுத்துகள் தேடுபொறிக்குச் சென்றுகொண்டிருக்கும். இறுதியாக, மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது இடையில் பிறர் படிக்க முடியாத இணைப்பை மட்டும் பயன்படுத்தச் செய்யும் 'எச்டிடிபிஎஸ் ஒன்லி மோட்' என்பதை எல்லாச் சாளரங்களுக்கும் இயக்குங்கள். மறையாக்கம் இல்லாத தளம் எதிர்ப்பட்டால் உலாவி முதலில் உங்களை எச்சரிக்கும்.

ஒரு தளம் சரியாக இயங்காவிட்டால்

கடுமையான காப்பு சில தளங்களின் இயக்கத்தைக் குலைக்கும். காணொளி ஓடாமல் போகலாம், உள்நுழையும் பொத்தான் அசையாமல் இருக்கலாம். அப்போது சலித்துப்போய் எல்லா அமைப்புகளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடாதீர்கள். முதலில் முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் காப்பை நிறுத்திப் பாருங்கள். பயனில்லையெனில் அதை மீண்டும் இயக்கிவிட்டு, யூபிளாக் ஆரிஜின் சின்னத்தைச் சொடுக்கி அதிலுள்ள பெரிய மின்விசைப் பொத்தானை அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால்தான் சிக்கலுக்குக் காரணம் எதுவென்று தெரியவரும். இந்த விலக்கு அந்த ஒரு தளத்துக்கு மட்டுமே பொருந்தும். மற்ற தளங்களில் காப்பு முன்போலவே தொடரும்.