பழைய ஜீப்பின் சைட் ஸ்டெப் கழற்றுதல்: என் அனுபவம்

யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் ஓடின ஜீப் என்றால் பாதி வேலை கறளோடுதான். முதல் நாள் பின்னேரமே சைட் ஸ்டெப்பை, அதாவது கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் படியை, வண்டியோடு பிடிக்கிற பிரக்கெட் போல்ட்டுகளைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, கறள் இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கோ. மண்ணெண்ணெய் போதாது.

யப்பான் வண்டிகளில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 சொக்கெட், 10க்கு 14. ஆறு மூலைச் சொக்கெட்தான் வேணும். பன்னிரண்டு மூலை, கறள் தின்ற தலையை உருட்டிவிடும். கால் சுற்றுக் கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, ஸ்பிரே அடித்து மறுபடி கழற்றுங்கோ. போல்ட் அசையாமல் றப்பர் போல இழுபட்டால் உடனே நிற்பாட்டுங்கோ, தலை முறியப் போகுது.

சூடு காட்டச் சொல்லுவினம். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே ஓடுகிற வண்டிக்கு நான் காட்டமாட்டேன். தகட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கிற நட்டு ஒட்டு விட்டு, போல்ட்டோடு சேர்ந்து சுழன்றால் போல்ட் தலையைக் கிரைண்டரால் வெட்டுவதே சுகம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கோ, தீப்பொறி குழாய்ப் பக்கம் பறக்காமல் தகடு மறையுங்கோ.

ஸ்டெப்பில் லைற் இருந்தால் வயரை முதலில் கழற்றுங்கோ. கடைசி போல்ட்டுகளுக்கு முன் இரண்டு முனைக்கும் கல் அடுக்குங்கோ. இல்லாட்டில் முழுப் பாரமும் ஒரு பிரக்கெட்டில் தொங்கி, தகடு வளையும்.

போல்ட் கழற்றின ஓட்டைகளை வெறுமனே விட்டால் மாரி மழைத் தண்ணீர், கதவுக்குக் கீழே ஓடுகிற வெற்றுத் தகட்டுப் பெட்டிக்குள் போய் உள்ளிருந்தே கறள் தின்னும். வெள்ளைத் தகடு தெரியச் சுரண்டி, சிங்க் பிரைமர் (கறள் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, றப்பர் மூடி போடுங்கோ. அடியிலுள்ள சின்ன வடிகால் துளைகளை மட்டும் அடைக்காதேங்கோ.