மின்தடையின்போது கிரிட் இணைப்புச் சோலார் இன்வெர்ட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்தடை ஏற்பட்டதும் சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடுவதைப் பழுது என்று எண்ணி, அதை எப்படியாவது ஓடவைக்க வழி தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கிரிட்டில், அதாவது மின்வாரியத்தின் மின்வலையமைப்பில், இருக்கும் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பின்பற்றியே இந்த இன்வெர்ட்டர் சோலார் பேனலின் மின்சாரத்தை மாற்றி அனுப்புகிறது. கிரிட்டின் ஒரு பகுதி துண்டாகித் தனித்துப் போனால் அதிகபட்சம் 2 நொடிகளுக்குள் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும் என்று, மின்பொறியாளர் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ.யின் 1547 தரநிலை வரையறுக்கிறது.

இந்த ஏற்பாடு மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிருக்கானது. வீட்டிலிருந்து வெளியேறும் 230 வோல்ட், 11,000 வோல்ட் லைனில் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிர்த்திசையில் புகுந்தால், மறுபுறம் அதே 11,000 வோல்ட்டாக உயர்ந்துவிடும். ஒரு வீட்டு இன்வெர்ட்டரால் தெருவுக்கே மின்சாரம் கொடுக்க முடியாது, அதிகச் சுமையில் அது நின்றுவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். தெரு முழுவதும் இணைந்திருக்கும்போது அது பெரும்பாலும் சரிதான். ஆனால் கம்பி அறுந்து, அந்த வீடும் சிறிது நீளக் கம்பியும் மட்டும் தனியே மிஞ்சினால், இன்வெர்ட்டரை நிறுத்தும் அளவுக்கு அங்கே சுமையே இருக்காது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் கொடிய தவறு, இருமுனையிலும் பிளக் மாட்டிய வயரைக் கொண்டு ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் இணைப்பது. ஒரு முனையைப் பிடுங்கினால், அந்தப் பிளக்கின் பித்தளைப் பின்கள் மூடப்படாமலும் மின்சாரத்துடனும் இருக்கும். ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைக் கிரிட் என்று நம்பிச் சோலார் இன்வெர்ட்டரும் இயங்கத் தொடங்கலாம். வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பி அதைச் சேதப்படுத்தலாம். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் மின்சாரம் தெருவுக்கும் போகும். இரண்டு இணைப்புகளும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அல்லது பேட்டரியோடும் இயங்கி, பேக்கப்புக்கெனத் தனி வெளியீடு கொண்ட ஹைபிரிட் இன்வெர்ட்டர்: மின்தடையிலும் மின்சாரம் வேண்டுவோருக்கு முறையான வழிகள் இவையே.

இன்வெர்ட்டர் அடிக்கடி விலகுகிறது என்பதற்காக அதன் மின்னழுத்த, அதிர்வெண் வரம்புகளைத் தளர்த்துவதும், அதில் வேறு நாட்டுக்கான அமைப்பை (செட்டிங்) தேர்வுசெய்வதும் தவிர்க்க வேண்டிய தவறுகளே. மின்சாரம் திரும்பிய பின் சில நிமிடங்கள் காத்திருந்தே அது இணைவதும் இயல்பானதுதான்.

இன்வெர்ட்டர் நின்றுவிட்டால் எங்கும் மின்சாரமில்லை என்று கருதி மூடியைத் திறப்பதும் கூடாது. வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் டிசி வயர்களில் பல நூறு வோல்ட் இருக்கக்கூடும். உள்ளே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர்களும் உடனே வெறுமையாகிவிடுவதில்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி விபத்துக்குப் பின்னரே எழுகிறது. சான்றளிக்கப்பட்ட இன்வெர்ட்டரை, மின்வாரியத்தின் ஒப்புதலோடு, உரிமம் பெற்றவர் பொருத்தியிருந்தால், தவறு எங்கே நேர்ந்தது என்று ஆராய இடமிருக்கும். ஒப்புதலுக்குப் பின் வயரிங்கையோ அமைப்புகளையோ தன்னிச்சையாக மாற்றியவர், இணைப்பு ஒப்பந்தத்தை மீறியவராகவும் காப்பீட்டை இழப்பவராகவும் ஆகக்கூடும். உயிரிழப்பு நேர்ந்தால் குற்ற வழக்கையும் சந்திக்க நேரலாம். ஆகவே ஒப்புதல் கடிதம், மின் இணைப்புகளைக் காட்டும் ஒற்றைக் கோட்டு வரைபடம், பொருத்தியபோது பதிவான அமைப்புகள், பின்னர் யார் எதை மாற்றினார் என்ற குறிப்பு ஆகியவற்றை வீட்டு உரிமையாளர் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்.