துக்க வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது எப்படி

நான் 31 வருடம் தபால்காரனாக இருந்தவன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் ஊர். சைக்கிளில் தந்தி கொண்டுபோன காலமும் உண்டு. தந்தி என்றாலே வீட்டார் கையை நீட்டமாட்டார்கள். பிரிப்பதற்கு முன்பே யாராவது அழத் தொடங்கிவிடுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு மிதிப்பேன். எத்தனை வாசலில் அதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. என் மனைவி இறந்த அன்று அதே வாக்கியம் என் வாசலுக்கு ஒரே மாலையில் பத்துப் பதினைந்து தடவை வந்தது. விலாசம் சரியாக இருந்தும் சேராத தபால் அது என்று அப்போதுதான் தெரிந்தது.

புற்றுநோய். பதினான்கு மாதம். அவள்தான் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சண்டை, யார் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் அவள் வாய் வழியாகவே எனக்குத் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் செருப்பைத் தேடுகிற ஆள். அவள் போனபின் பிறந்து வளர்ந்த ஊரே எனக்கு அந்நியமாகிவிட்டது. ஆண்களில் பலருக்கு இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். மனைவியோடு சபையையும் சேர்த்தே அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

தட்டுத்தடுமாறிக் கற்ற சிலவற்றை இங்கே எழுதுகிறேன். பிரசங்கத்தில் நீங்கள் ஏற்கெனவே கேட்டவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் சாப்பிடுங்கள்

துக்க வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டார் கொண்டுவருவார்கள். இது நம் ஊரில் எல்லா மதத்தாருக்கும் உள்ள வழக்கம். கொண்டுவந்ததை மறுக்காதீர்கள். என் மதினி மூன்றாம் நாள் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்தார்கள். பசிக்கவில்லை என்றேன். "பசிக்கிறதா என்று நான் கேட்கவில்லை தம்பி. தட்டைக் கழுவி எடுத்துப் போக வேண்டும், சாப்பிடுங்கள்" என்றார்கள். சாப்பிட்டேன்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் வேண்டுமானால் முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி. தேவதூதன் வந்து புத்திமதி சொல்லவில்லை, எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தடவை வந்து மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். கர்த்தர் கேள்வி கேட்பதெல்லாம் அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலைக் குகையில்தான். இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம்.

இரண்டு வாரமாகியும் தூக்கமே வரவில்லை என்றால், அல்லது எலியா கேட்டதைப்போல உங்களுக்கும் கேட்கத் தோன்றுகிறது என்றால், டாக்டரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மனஸ் மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ஜெபம் வராத நாட்களில்

எனக்கு நான்கு மாதம் ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் வந்தது. அப்போது செய்த ஒரே காரியம், காலையில் காப்பி போட்டு வைத்துவிட்டு ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தது. சத்தமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். தனியாக இருப்பவன் வீட்டில் பகல் முழுக்க மனிதக் குரல் இருக்காது. உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். 119-ஆம் சங்கீதம் 176 வசனம், அதைப் பல நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்கவே முடியாத நாளுக்கு 131 இருக்கிறது, மூன்றே வசனம்: பால் மறந்த குழந்தையைப்போல ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்று வரும்.

கோபமான சங்கீதங்களைத் தாண்டிப் போகாதீர்கள். 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடினம். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை முடிவில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், அது திரும்பாது. தெரிந்தவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நான் வாசித்தது அவளுடைய வேதப்புத்தகத்தில். ஜிப் வைத்த கறுப்பு உறை, ஜிப் பாதியில் நின்றுவிடும். பக்க அடையாளமாகத் திருநெல்வேலி பஸ் டிக்கெட்டுகளைச் செருகி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு சிகிச்சை நாள். பென்சிலால் ஓரத்தில் தேதி எழுதுவது அவள் பழக்கம். 13-ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் ஒரு தேதி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். வாரந்தோறும் ஜெபக்கூட்டம் நடத்தியவள், எல்லாரையும் தேற்றியவள், எனக்குக்கூடக் காட்டாமல் போட்ட கேள்விக்குறி. அன்று காப்பி ஆறிப்போனது. எனக்கு ஜெபம் என்று ஒன்று வந்தது அன்றுதான். நல்ல வார்த்தைகளால் ஆன ஜெபம் இல்லை அது.

நீங்களும் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி மட்டும் எழுதினால் போதும்.

ஆலயத்துக்குத் திரும்புவது

முதல் ஞாயிறு மிகக் கடினம். பெரிய ஆராதனைக்குப் போகாமல் அதிகாலை ஆராதனைக்குப் போங்கள். கூட்டம் குறைவு, விசாரிக்கிறவர்களும் குறைவு. பக்கவாட்டு வாசலுக்கு அருகில் உட்காருங்கள். நடுவில் எழுந்து போனாலும் போவேன் என்று சபைப் போதகரான ஐயரவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான் மூன்று தடவை போனேன். ஒரு தடவை, பலகையில் பாமாலைப் பாட்டின் எண்ணைப் பார்த்ததுமே எழுந்துவிட்டேன். அடக்க ஆராதனையில் பாடிய பாட்டு அது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று மீதியைக் கேட்டேன். அங்கிருந்தும் நன்றாகவே கேட்கிறது.

பாட முடியாவிட்டால் பாட வேண்டாம், எழுந்து நின்றால் போதும். விசுவாசப்பிரமாணம் சொல்லும் நேரத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் இருநூறு பேர் விசுவாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் இன்றைக்கு எனக்கும் சேர்த்துச் சொல்லட்டும், பிறகு திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நின்றேன். அரிசி கடன் வாங்குகிற ஊர்தானே இது, இதையும் வாங்கலாம்.

கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்

"ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் "கட்டாயம்" என்பார்கள், காரியம் அதோடு முடிந்துவிடும். அவர்கள்மேல் தப்பில்லை, என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஆள், நாள், வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் நேர்ந்த மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூட வர ஒருவர். வங்கியில் நாமினி படிவம் நிரப்ப ஒருவர். அலமாரியில் இருக்கும் சேலைகளை எடுத்து மடிக்க இரண்டு பெண்கள், அதை அவசரப்படாமல், நீங்கள் சொல்லும்போது. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் அண்ணாச்சி ஒருவர் உண்டு. "வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்பதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர், "பேச வேண்டுமா, சும்மா உட்கார்ந்தால் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

காயப்படுத்தும் வார்த்தைகள்

வரும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் வினை.

என் மனைவி படுக்கையில் இருந்தபோது, ஜெபிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் கிரியை செய்யும் என்றார். போகும்போது காணிக்கைக் கவரையும் வைத்துவிட்டுப் போனார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். மாத்திரையையும் நேரத்துக்குப் போட்டுக்கொண்டாள். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர்தானே என்று மட்டும் சொன்னாள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், ஜெபத்துக்கு விலை சொல்கிறவர், இந்த இரண்டு பேருக்கும் கதவைச் சாத்தலாம்.

யார் செய்த பாவம் என்று தோண்டுகிறவர்களுக்குப் பதில் யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள், இயேசு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் களக்காட்டுப் பக்கம் டோனாவூரைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து காயப்பட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறைக்குள்ளேயே, பெரும்பாலும் படுக்கையில். குணமாகவில்லை. அங்கிருந்தே எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது.

இவ்வளவும் சொல்லி வாதாட உடம்பில் தெம்பில்லை என்றால், "சரிங்க, வாங்க" என்று வாசல்வரை கூடப் போய்விட்டு வாருங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

ஏதாவது ஒரு வேலை கேட்டு வாங்குங்கள்

எட்டாம் மாதம் எங்கள் ஆலயத்தில் அசனம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பண்டிகை ஆராதனை முடிந்ததும் சபையார், ஊரார், வழிப்போக்கர் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. முந்தின இரவே பந்தலில் அண்டாக்களை இறக்கி, விடியவிடிய வேலை நடக்கும். தேங்காய் துருவும் இடத்தில் ஆள் குறைகிறது என்று என்னிடம் சொன்னார்கள். அவள் இருந்தபோது ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

பக்கத்தில் வேறொரு தெருக்காரர். அவர் உடைப்பார், நான் துருவுவேன். தேங்காய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்து நடுநடுவே குடித்தோம். நூறு தேங்காய் போல ஆனபிறகு அவர் நிமிராமலே சொன்னார்: "எனக்கு ஆறு வருடம் ஆகிறது. இன்னமும் சாயங்காலம் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடுகிறேன்." நான், "எனக்கும்" என்றேன். பிறகு அரிசி களைகிறவர்கள் தேங்காய்க்கு அவசரப்படுத்தினார்கள், வேலையைப் பார்த்தோம். மறுநாள் பந்தியில் குழம்பு ஊற்றும்போது தோள்பட்டை வலித்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பாடகர் குழுவில் சேர வேண்டாம், கமிட்டிக்கு நிற்க வேண்டாம். கமிட்டி இருக்கிற துக்கத்தைக் கூட்டிவிடும். கை அழுக்காகிற வேலையாகக் கேளுங்கள்.

நாள் வரும் முன்பே ஏற்பாடு

முதல் கிறிஸ்துமஸ், திருமண நாள், முதல் நினைவுநாள் மூன்றும் சொல்லிக்கொண்டு வருகிற புயல்கள். அந்த நாளில் எங்கே இருப்பீர்கள், யாரோடு சாப்பிடுவீர்கள் என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய்ப் புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வாருங்கள். பக்கத்துக் கல்லறைக்கும் யாராவது சுண்ணாம்பு வாளியோடு வந்திருப்பார்கள், தூரிகை மாற்றிக்கொள்ளலாம். நினைவுநாள் காணிக்கை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிப்பார்கள். எனக்கு அது வெறும் சடங்கு என்றிருந்தது. வாசித்தபோது, பெண்கள் பக்கம் மூன்று நான்கு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அவளை நான் மட்டும் இழக்கவில்லை.

ஆசிரியர் அண்ணாச்சி இன்றும் வருகிறார். சில வாரம் ஜெபிப்போம், சில வாரம் அவர் பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கத்தை வாசித்துவிட்டுப் போய்விடுவார். இன்றைக்கு வியாழன், மணி ஐந்தரை ஆகப்போகிறது. அடுப்பில் பாலை வைக்க வேண்டும். இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன்.