அனியூரிசத்தில் ரத்தக்கட்டி: சுவருக்குக் காப்பு என்று நம்புவது உட்பட சில தவறுகள்

வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம், அதாவது அனியூரிசம், இருப்பவர்களின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'த்ராம்பஸ்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். வீங்கிய இடத்தின் உள்சுவரில் ரத்தம் உறைந்து அடையாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய வீக்கங்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. படித்ததும் பலருக்கும் தோன்றுவது, "சரி, நல்லதுதானே, மெலிந்த சுவருக்கு உள்ளே இன்னொரு பூச்சு விழுந்த மாதிரி" என்பதுதான். முதல் தவறே இது.

பெருந்தமனிச் சுவரின் உட்பகுதி தன்னை உரசி ஓடும் ரத்தத்திலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வெளிப்பகுதிக்கு நுண்குழாய்கள் உண்டு, ஆனால் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் அதிகம் வருகிற அதே இடத்தில், அவையும் குறைவு. நடுவில் தடிமனாக ஒரு கட்டி வந்து உட்கார்ந்தால் சுவருக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

அந்தக் கட்டி சும்மா கிடக்கவும் இல்லை. அறுத்துப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். ரத்தம் உரசும் பக்கம் புதுசாகச் சிவந்து, சுவர்ப் பக்கம் பழசாகி வெளிறிப்போய். சிவந்த அடுக்கில் சிக்கிக்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளைக் கக்குகின்றன, சுவருக்கு இழுபட்டு மீளும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை அரிப்பது இவைதான். தடித்த கட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்த சுவர்த்துண்டுகள் மெலிந்து, தசைச் செல்கள் குறைந்து, இழுத்தால் சீக்கிரம் கிழிவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கட்டி சுவரின் மேல் விழும் இழுவிசையைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது என்று சொல்லும் கணினிக் கணக்குகளும் உண்டு, மறுக்கவில்லை, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்காக அதைச் சுவரைத் தாங்கும் முட்டாக நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்தது அளவு. குழாய் செருகிச் சாயம் பாய்ச்சி எடுக்கும் ஆஞ்சியோகிராமில் சாயம் ஓடும் வழி மட்டுமே தெரியும். கட்டி வெற்றிடத்தை அடைத்துவிட்டதால் வழி கிட்டத்தட்ட இயல்பான அளவிலேயே தெரியலாம், வெளிச்சுவரோ அதைப்போல இரண்டு மடங்கு உப்பியிருக்கும். "வழி நார்மல்" என்பதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிட வேண்டாம். கட்டியையும் சேர்த்து மொத்த விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவது அந்த அளவை வைத்துத்தான்.

அப்புறம் மாத்திரை. கட்டி என்றதும் கரைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு, ஆனால் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகளைத் தானாகத் தொடங்குவது ஆபத்து, வேறு காரணத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுவதைத் தானாக நிறுத்துவதும் அப்படியே. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதித் தந்திருந்தால் அது பெரும்பாலும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. வீக்கம் வேகமாக வளர்வதற்குப் புகைபிடித்தல் ஒரு பெரிய காரணம், அதை நிறுத்துவது மட்டும் யாரையும் கேட்காமலே செய்யக்கூடியது.

திடீரென வயிற்றிலோ முதுகிலோ பிளப்பது போல வலி வந்து, வியர்த்து, தலை சுற்றினால் சிறுநீரகக் கல் என்று நினைத்து வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். வீக்கம் வெடித்திருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அனியூரிசம் இருப்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.