பிரிஜித்: ஓர் அயர்லாந்துப் பெயரும் அதைச் சுற்றிய தவறுகளும்

குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் தளம் எதைத் திறந்தாலும், பிரிஜித் என்ற பெயருக்கு எதிரே 'தீ அம்பு' என்று போட்டிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. கி.பி. 900 வாக்கில், அயர்லாந்தின் காஷெல் மன்னரும் ஆயருமான கோர்மாக்கின் பெயரால் வழங்கும் ஐரிஷ் சொல்லகராதியில் இருந்து கிளம்பிய விளக்கம் இது. பெயரை இரண்டாக உடைத்து, முன்பாதி தீ, பின்பாதி அம்பு என்று சொல்லிவிட்டார்கள். நம் தலபுராணங்களில் ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவார்களே, அந்த ரகம்.

மொழியியலாளர்கள் சொல்லும் பொருள் 'உயர்ந்தவள்'. பிரிட்டனின் வடபகுதியில் வாழ்ந்த பிரிகாண்டஸ் குடியினரின் பெயரும், பிரிகாண்டியா என்ற தேவியின் பெயரும் இதே வேரில் பிறந்தவை. சமஸ்கிருதத்தில் உள்ள 'பிருஹதீ'யும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறைதான். தஞ்சைப் பெரிய கோயில் இறைவனைப் பிருகதீஸ்வரர் என்கிறோமே, அந்தப் 'பிருக'வும் இந்த வேரும் ஒன்று. அயர்லாந்தில் புனித பிரிஜித்தின் ஊரான கில்டேர் எங்கே, தஞ்சாவூர் எங்கே!

தீ இந்தப் பெயரை விடாமல் ஒட்டிக்கொண்டதற்குக் கில்டேரும் ஒரு காரணம். புனித பிரிஜித் மடம் நிறுவிய அந்த ஊரில் அணையாத நெருப்பு ஒன்று இருந்தது என்று 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதினார். 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக முறைவைத்துக் காப்பார்களாம். 20ஆம் இரவில் கடைசிக் கன்னி விறகை அருகே அடுக்கி வைத்து, "பிரிஜித், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள்" என்ற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். நல்ல கதை, ஆனால் பெயரின் பொருளுக்கு அது சான்று ஆகாது.

அடுத்த தவறு, 'பிரிஜித் என்று புனிதர் யாரும் இல்லை, அதே பெயர் கொண்ட பழைய ஐரிஷ் தேவியைத்தான் திருச்சபை புனிதராக்கிவிட்டது' என்று அடித்துச் சொல்வது. அப்படி வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் முடிந்த விஷயமாக எழுதுவது சரியில்லை. கவிதை, மருத்துவம், கொல்லர் வேலை என்று மூன்றுக்கும் பிரிகித் என்ற ஒரே பெயரில் மூன்று சகோதரிகள், தாக்டா என்ற தெய்வத்தின் மகள்கள், என்று சொல்வதும் அதே கோர்மாக் அகராதிதான். புனிதரின் வாழ்க்கையைக் கோகிடோசஸ் என்ற துறவி எழுதியதோ 7ஆம் நூற்றாண்டில். அதாவது, தேவியைப் பற்றிய எழுத்தைவிடப் புனிதரைப் பற்றிய எழுத்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. மரபுப்படி புனிதர் இறந்தது 525 வாக்கில், திருநாள் பிப்ரவரி 1.

தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே வேறொரு குழப்பம் வரும். பிரிஜித்தம்மாள் பெயரால் சொல்லப்படும் 15 செபங்கள் சுவீடன் நாட்டுப் புனித பிர்கிட்டாவின் பெயரில் வழங்குபவை. அவர் வாழ்ந்தது 1303 முதல் 1373 வரை, திருநாள் ஜூலை 23. ஆள் வேறு என்றாலும் பெயர் அயர்லாந்திலிருந்து போனதுதான். சுவீடனின் பிர்கிட்டா, பிரான்சின் பிரிஜித் எல்லாம் இதன் கிளைகள்.

உச்சரிப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆங்கில வழக்கில் 'பிரிஜிட்'. இன்றைய ஐரிஷ் மொழியில் 'பிரீட்'. நடுவில் இருந்த மெய்யொலி தேய்ந்து உயிர் நீண்டுவிட்டது. Brighid என்ற பழைய எழுத்துக்கூட்டலில் கண்ணில் படும் gh எழுத்துகளை யாரும் வாயால் சொல்வதில்லை.

பலரும் கோட்டை விடுவது வரலாற்றில். இது அயர்லாந்தின் முக்கியப் பெயர் என்பதால், அந்தக் காலம் தொட்டே வீட்டுக்கு வீடு ஒரு பிரிஜித் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறோம். இடைக்காலத்தில் மரியாதை கருதி இதை நேரடியாக வைப்பது அரிது. 'பிரிஜித்தின் அடியவன்' என்ற பொருளில் ஆண்களுக்குத்தான் மெயில் பிரிக்டே, கில்லா பிரிக்டே என்று பெயர் வைத்தார்கள். மெக்பிரைட் என்ற குடும்பப்பெயர் அப்படி வந்தது. பெண்களுக்குப் பரவலாக வைத்தது பிற்காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டிலோ மேரிக்கு அடுத்தபடியாக மிக அதிகம் கேட்ட பெயர்களில் இதுவும் ஒன்று.

அந்தப் பெருக்கமே பெயருக்கு வினையாயிற்று. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் பெண்களில் ஏராளமானோர் வீட்டுவேலைக்குப் போனார்கள். பிரிஜித்தின் ஆங்கில வடிவமான 'பிரிட்ஜெட்', அதன் சுருக்கமான 'பிட்டி' என்றாலே ஐரிஷ் வேலைக்காரி என்று பொருளாகி, பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அந்தப் பெயர் படாதபாடு பட்டது. பலர் டீலியா என்று மாற்றிக்கொண்டார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பிரிட்ஜெட் என்று மட்டும் தேடி, பாட்டி பதிவேட்டிலேயே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிரைடி, ப்ரீடா, பெடீலியா, டீலியா என்றும் தேட வேண்டும். கப்பல் பட்டியலில் பிரிட்ஜெட்டாக இருந்தவர் கல்லறைக் கல்லில் டீலியாவாக இருக்கலாம்.

இப்போது எப்படி? 2023 முதல் பிரிஜித் பெயரில் அயர்லாந்தில் அரசு விடுமுறை உண்டு. அங்கே ஒரு பெண்ணின் பெயரால் வந்த முதல் விடுமுறை அது. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை விடுவார்கள், 1ஆம் தேதி வெள்ளியில் வந்தால் அன்றைக்கே. இதை வைத்து 'பெயர் மறுபடி உச்சத்தில்' என்று எழுதிவிடக் கூடாது. 2021இல் அங்கே பெண்குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் ஃபீயா. பிரிஜித், பிரிட்ஜெட், பிரீட் மூன்றையும் அரசுப் பட்டியல் தனித்தனிப் பெயராகத்தான் எண்ணும், அதனால் ஒன்றின் இடத்தை மட்டும் பார்த்துப் பெயர் வழக்கொழிந்தது என்று எழுதுவதும் தவறுதான்.