செனட்டர் சம்னர் தாக்கப்பட்டதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களின் கைப்பிரதிகளைச் சில வருடங்களாகத் திருத்தித் தருகிறேன். 1856 மே 22 அன்று அமெரிக்க செனட் அவைக்குள் நடந்த தாக்குதல் அதில் அடிக்கடி வரும் தலைப்பு. தேதிப் பிழை, பெயர்ப் பிழையை யாரும் திருத்திவிடலாம். நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை.

உறவுக்காரர் ரோஷம் என்று முடித்துவிடுவது

மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், கான்சாஸில் அடிமை முறையைத் திணிப்பதைக் கண்டித்து இரண்டு நாள் பேசினார். தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைக் கடுமையாகச் சாடினார். பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான பிரெஸ்டன் புரூக்ஸ் வந்து கைத்தடியால் அடித்தார். பெரும்பாலான பிரதிகள் இதோடு நின்றுவிடுகின்றன.

நானும் ஒரு கல்லூரியில் இப்படித்தான் பேசினேன். அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் வந்து குவிந்ததைச் சுவைக்காகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாணவி எழுந்து, "சொந்தக்காரருக்காக அடித்தார், சரி. மற்றவர்கள் எதற்குத் தடி அனுப்பினார்கள், சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

புரூக்ஸ் கோப வேகத்தில் பாய்ந்தவர் அல்ல. உரை முடிந்து இரண்டு நாள் கழித்து, அவை கலைந்தபின் மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரிடம் போனார். அந்த உரை தென் கரோலினாவையும் தன் உறவினரையும் அவதூறு செய்கிறது என்றார். மாநிலத்தைத்தான் முதலில் சொன்னார். அப்புறம் தடி ஒடியும்வரை அடித்தார். தரையோடு பொருத்தியிருந்த மேசையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தார் சம்னர். உதவிக்கு வந்தவர்களைத் தடுத்து நின்றவர் லாரன்ஸ் கீட், இன்னொரு தென் கரோலினா உறுப்பினர். சொந்தக்காரர் சண்டை என்றால் அவருக்கு அங்கே என்ன வேலை?

நீதிமன்றம் 300 டாலர் அபராதத்தோடு விட்டது. புரூக்ஸைப் பதவி நீக்கப் பிரதிநிதிகள் சபையில் வந்த தீர்மானத்துக்கு 121 பேர் ஆதரவு, 95 பேர் எதிர்ப்பு. அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. தென் மாநிலத்தார் ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்திருந்தார்கள். புரூக்ஸ் தானாகப் பதவி விலகினார், தொகுதி மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள். மாசசூசெட்ஸும் சம்னரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. காயங்களிலிருந்து மீண்டு 1859 இறுதியில் அவர் முழுநேரமாக அவைக்குத் திரும்பும்வரை அந்த இடத்தில் வேறு யாரையும் அமர்த்தவில்லை.

இத்தனையையும் விட்டுவிட்டு ரோஷக்கதை எழுதினால், யாரை அடிமையாக வைத்திருப்பது பற்றி அந்தச் சண்டை நடந்ததோ அந்த மனிதர்கள் கட்டுரையிலேயே இல்லாமல் போகிறார்கள். இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

இந்த அடிதான் உள்நாட்டுப் போரைத் தொடங்கியது என்பது

போர் தொடங்கியது 1861-இல். நடுவில் ஐந்து வருடங்கள் இருக்கின்றன.

1858 கைகலப்பை வேடிக்கையாக மட்டும் எழுதுவது

பிப்ரவரி மாதம், நள்ளிரவு தாண்டிய நேரம். பிரதிநிதிகள் சபையில் அதே கீட்டும் பென்சில்வேனியாவின் கலுஷா குரோவும் மோத, மற்ற உறுப்பினர்களும் உள்ளே குதித்தார்கள். மிசிசிப்பி உறுப்பினர் பார்க்ஸ்டேலின் டோப்பா கழன்று விழ, அவசரத்தில் அதை முன்பின்னாக மாட்டிக்கொண்டார். சபையே சிரித்தது. தாராளமாக எழுதுங்கள். கூடவே, கான்சாஸை அடிமை மாநிலமாக்கும் லெகாம்ப்டன் அரசியல் சட்டம்தான் அன்றிரவு விவாதத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.