துளைநீர் அட்டவணையைப் படித்து கார்பனேட் கட்டியின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆழ்கடல் வண்டல் துகள்களின் இடைவெளியில் இருக்கும் நீர்தான் துளைநீர்; அதில் கரைந்தவற்றின் அளவை ஆழவாரியாகத் தருவது துளைநீர் அட்டவணை. அதை வைத்து, அந்த வண்டலில் கார்பனேட் கட்டி (சுண்ணாம்புக் கல் கட்டி) எந்த ஆழத்தில் வளர்கிறது என்று கேட்டால், மாணவர்கள் நேராகக் கால்சியம் வரிசைக்குத்தான் போகிறார்கள். பசுமலையில் என்னிடம் ஜியாலஜி படிக்க வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: கால்சியத்தைக் கையால் மூடிக்கொள், முதலில் சல்பேட்டைப் பார்.

வரைதாளில் ஆழம் கீழ்நோக்கி இறங்க வேண்டும். சல்பேட், மீத்தேன், காரத்தன்மை (பெரும்பாலும் நீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு), கால்சியம் நான்கையும் ஒரே தாளில் வரையுங்கள். கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு சுமார் 28 மில்லிமோல், கால்சியம் 10, காரத்தன்மை 2.3. அட்டவணையின் முதல் வரி இதற்குப் பக்கத்தில் இல்லையென்றால், வண்டலை எடுக்கும்போதே மேல்பகுதி கழன்று போயிருக்கலாம்.

சரி, சல்பேட் கோடு. அது வளைந்து குறைந்தால், வழியெங்கும் நுண்ணுயிரிகள் மக்கிய பொருளைத் தின்று சல்பேட்டைச் செலவழிக்கின்றன. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இறங்கி ஓர் ஆழத்தில் பூச்சியம் ஆனால், செலவு பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில்தான். கீழிருந்து ஏறி வரும் மீத்தேனும் அங்கேதான் தீர்ந்துபோகும். ஒரு மீத்தேனும் ஒரு சல்பேட்டும் சேர்ந்தால் ஒரு பைகார்பனேட், ஒரு ஹைட்ரோசல்பைடு, கொஞ்சம் நீர். இதைச் செய்வது ஆர்க்கியாவும் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர் வகை) பாக்டீரியாவும் ஒட்டி வாழும் கூட்டம். ஒரேகான் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் வண்டலில் அந்தக் கூட்டத்தை 2000-இல் காட்டினார்கள். அந்த ஆழத்துக்கு நேராகக் காரத்தன்மை உச்சத்தில் நிற்கும். இப்போது கையை எடுத்துக் கால்சியத்தைப் பாருங்கள், அங்கே சரிந்திருக்கும். அது கல்லாகப் படிவதால்தான் சரிகிறது; கட்டி வளரும் ஆழம் அதுதான்.

காரத்தன்மைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு, கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் எடுத்த சுக்கான் கல் ஒன்றை உடைத்துக் கையில் கொடுப்பேன். உள்ளே சாம்பல் வெள்ளை, நடுவில் மண் துகள் சிக்கியிருக்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். கோடையில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கரியமில வாயுவும் கழன்றுபோய், மிச்ச நீரில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) படிந்து உண்டான கல் அது. கடலடியில் ஆவியாதலே கிடையாது. வெயில் செய்கிற வேலையை அங்கே பைகார்பனேட் செய்கிறது. காரத்தன்மை ஏறினால்தான் இருக்கிற கொஞ்சக் கால்சியமும் கல்லாகும்.

அதனால்தான் வண்டலைத் துளையிட்டு எடுக்கும் கப்பலில் காரத்தன்மையை உடனுக்குடன் அளக்கிறார்கள். மேலே வந்ததும் அழுத்தம் குறைந்து வாயு வெளியேறும். தள்ளிப்போட்டால் குப்பிக்குள்ளேயே கால்சைட் படிந்துவிடும்.

அடுத்தது, நிறைய பேர் விட்டுவிடுகிற விஷயம். துளைநீர் இன்றைய நிலையைச் சொல்கிறது; கட்டி வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். மீத்தேனும் சல்பேட்டும் சந்திக்கும் மட்டம் நெடுங்காலம் அசையாமல் நின்றால்தான் உருப்படியான கட்டி கிடைக்கும். கட்டி ஓரிடத்திலும் மட்டம் வேறிடத்திலும் இருந்தால், மட்டம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போது கல்லின் கார்பன் ஐசோடோப்புதான் துணை, அதாவது கனமான கார்பன்-13 ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற எண்: ஆயிரத்துக்கு −40-க்குக் கீழே போனால் மீத்தேன் கார்பன். −20-ஐ ஒட்டி நின்றால் மக்கிய பொருளின் கார்பன் முக்கியமாக இருக்கலாம், ஆனால் கலப்பாகவும் இருக்கலாம். நேர் எண் வந்தால் அந்தக் கல் மீத்தேன் உற்பத்தியாகும் ஆழத்தில் வளர்ந்தது.

அப்புறம் ஒரு கணக்கு. சந்திப்பு மட்டத்துக்கு வெகு கீழே சல்பேட் 2.8 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். சல்பைடு காற்றுப்பட்டு சல்பேட்டாக மாறியிருக்கலாம். துத்தநாக அசிடேட் போட்டுச் சல்பைடைப் பிடித்து வைத்தார்களா என்று குறிப்பில் தேடுங்கள். அதுவல்ல, துளையிடும்போது கடல்நீர் கலந்ததுதான் என்றால், கலப்பு 28-இல் 2.8, அதாவது பத்து சதவீதம். அந்த வரியில் கால்சியம் 3.7 என்று இருந்தால், கடல்நீர் தந்த 1-ஐக் கழித்து மிச்சத்தை 0.9-ஆல் வகுக்க வேண்டும். உண்மையான அளவு 3. 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் துளையிட்ட பயணத்தின் அட்டவணைகள் கிடைத்தால், கோடு போடுமுன் சந்தேகமான வரிகளுக்கு இந்தத் திருத்தத்தைச் செய்துகொள்ளுங்கள்.